ஜே.பி. சந்திரபாபு: கயிறு பிடித்த கலைஞன்

"துணை நடிகர்" என்ற சொல்லைத் தமிழில் ரொம்ப அலட்சியமா பயன்படுத்துறோம். கூட்டக் காட்சியில் நாள் கூலிக்கு நிற்கிறவரும் துணை நடிகர்தான், கதாநாயகனுக்கு அடுத்த வேடத்தில் படத்தையே தாங்குறவரும் துணை நடிகர்தான். ஹாலிவுட்டில் இந்தக் குழப்பம் சீக்கிரமே தீர்ந்துடுச்சு. 1936ஆம் வருடப் படங்களிலிருந்து ஆஸ்கரில் துணை நடிகருக்குத் தனி விருது வந்தது. முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். நம்ம தேசிய விருதில் அந்தப் பிரிவு வர 1984ஆம் வருடப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பத்து வருடம் முன்பே, 1974 மார்ச்சில், ஜே.பி. சந்திரபாபு இறந்துவிட்டார்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. உச்சத்துக்குப் போனார், சொந்தப் படம் எடுத்தார், குடித்தார், வீட்டை இழந்தார், 46 வயதில் போய்விட்டார். இதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனா இந்த நீதிக்கதையில் அவர் செய்த வேலை காணாமல் போயிடுது. இந்தப் பதிவு அந்த வேலையைப் பற்றியது.

முதலில் ஊர். 1927 ஆகஸ்ட் முதல் வாரம், தூத்துக்குடி பனிமய மாதா கோவில் திருவிழா நாட்களில் பிறந்தவர். ஜே.பி. என்றால் ஜோசப் பனிமயதாஸ். குடும்பப் பெயர் ரோட்ரிக்ஸ். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவியபோது வந்து ஒட்டிக்கொண்ட போர்த்துக்கீசியப் பெயர்களில் ஒன்று. சந்திர குலம் என்று சொல்லிக்கொள்ளும் மரபிலிருந்து வந்ததுதான் "சந்திர"பாபு.

அப்பா விடுதலைப் போராட்டக்காரர். "சுதந்திர வீரன்" என்று பத்திரிகை நடத்தியவர். பிரிட்டிஷ் அரசு கைது செய்து, பிறகு குடும்பத்தோடு இலங்கைக்கு அனுப்பியது. ஆக, பையன் படித்தது கொழும்பில். 1943இல்தான் குடும்பம் சென்னைக்கு வருகிறது. இந்தப் பாதையைக் கவனிக்கணும். தூத்துக்குடிக்குக் கொழும்பு வெளிநாடே இல்லை. வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கி, கப்பல் விட்ட தடம் அது. தேவாலயத்துப் பாட்டு, துறைமுக நகரத்து மேற்கத்திய இசை, வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். அவர் பாட்டில் குரல் திடீரென்று மேலே தாவி உடைந்து இறங்குமே, அந்த யோடலிங், தமிழ்ப் படத்துக்கு எங்கிருந்தோ வந்த விநோதமா தெரியும். இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு விநோதமில்லை.

முதல் படம் "தன அமராவதி", 1947. அதன்பின் பல வருட அலைச்சல். வாய்ப்பில்லாத விரக்தியில் 1952இல் உயிரை விடத் துணிந்து, பிழைத்தார். அதே வருடம் ஜெமினியின் "மூன்று பிள்ளைகள்" வந்தது. 1954இல் "பெண்" படத்தில் எஸ். பாலசந்தர் வாயசைக்க, பின்னணி பாடியவர் இவர். அடுத்த சில வருடங்களில் எம்.ஜி.ஆருடன் "குலேபகாவலி", "நாடோடி மன்னன்", ஜெமினி கணேசனுடன் "மாமன் மகள்", சிவாஜியுடன் "சபாஷ் மீனா". மூன்று பேருடைய நடிப்பும் மூன்று விதம். மூன்றிலும் இவர் பொருந்தினார்.

இப்போ வேலைக்கு வருவோம். இரண்டு உதாரணம் போதும்.

ஒன்று, "சபாஷ் மீனா" (1958), பி.ஆர். பந்துலு இயக்கம். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒன்று கதாநாயகனின் நண்பன், இன்னொன்று ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்து, ஆங்கிலம் சரளமாகப் பேசிய மனிதர், மெட்ராஸ் பாஷையை அந்த ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார். சிவாஜி மாதிரி ஒரு பேராற்றல் எதிரே நிற்கும்போது, போட்டிக்குப் போனால் காட்சி கெடும், ஒதுங்கினால் காட்சி சாயும். இவர் இரண்டும் செய்யலை. உடம்பை எப்போதும் அசைத்துக்கொண்டே, பேச்சை மட்டும் சரியான இடத்தில் நிறுத்தி, அடுத்த அடிக்குச் சிவாஜிக்கு இடம் விடுகிறார். இதே கதையைப் பந்துலுவே 1962இல் இந்தியில் "தில் தேரா தீவானா" என்று எடுத்தார். சந்திரபாபு செய்த பாத்திரம் மெஹ்மூதுக்குப் போச்சு. அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்குக் கிடைத்தது ஃபிலிம்பேரின் சிறந்த துணை நடிகர் விருது. நாலு வருடம் முன்னாடி தமிழில் நடித்தவருக்கு அப்படி ஒரு வரிசையே இங்கே இல்லை!

இரண்டு, ஏவிஎம்மின் "சகோதரி" (1959). படம் முடிந்த பிறகு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சந்திரபாபுவை வைத்து ஒரு பால்காரர் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்து, இடையிடையே சேர்த்தார்கள். படம் ஓடியது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புரியும். முடிந்துபோன நிரலில், மூலத்தைத் தொடாமல், பக்கத்தில் ஒரு புது மாட்யூல் வைத்து மொத்தத்தையும் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. இவர் அதை உடம்பாலும் குரலாலும் செய்தார்.

பிறகு அவரே நடுவில் நின்றார். கண்ணதாசன் தயாரித்த "கவலை இல்லாத மனிதன்" (1960) கதாநாயக வேடம், ஓடவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து இயக்க ஆரம்பித்த "மாடி வீட்டு ஏழை" பாதியில் நின்றது. பைபிள் வாசகத்தைத் தலைப்பாக வைத்து அவர் இயக்கி நடித்த "தட்டுங்கள் திறக்கப்படும்" (1966) வசூலுக்குக் கதவு திறக்கவில்லை. கார் மாடிவரை ஏறும்படி ஆசையாகக் கட்டிய வீடும் போனது.

இதிலிருந்து "இரண்டாவது இடத்திலேயே இருந்திருக்கலாம்" என்று முடிவு கட்டுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கலை. இரண்டாவது இடத்துக்கு மரியாதையும் பேரும் இருந்திருந்தால், முதல் இடத்துக்கு அவர் அவ்வளவு பெரிய விலை கொடுத்திருப்பாரா? "கசப்ளாங்கா"வில் நடித்த கிளாட் ரெய்ன்ஸ் நாலு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வாங்கலை. ஆனா அவர் செய்த வேலைக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. இங்கே "காமெடியன்" என்ற ஒரே பெட்டிதான். "அன்னை" (1962) படத்தில், மனித வாழ்வின் முரண்களைச் சிரித்த முகத்தோடு பாடும்போது கேட்பவர் தொண்டை அடைக்கிறதே, அதை அந்தப் பெட்டியில் எப்படி வைப்பது?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறங்குபவருக்கு மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மச்சானைத்தான் நம்பிக் கயிறு கொடுக்கணும் என்று ஒரு வழக்கும் சொல்வாங்க. கீழே சின்னதாக ஒரு இழுப்பு வந்தால் உடனே தூக்கணும், கவனம் சிதறினால் ஒரு உயிர் போகும். முத்து எடுத்தவர் என்ற பேர் இறங்கியவருக்குத்தான். அந்தக் கரையில் கடைசியாகத் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. சந்திரபாபுவின் சிறந்த வருடங்களும் கிட்டத்தட்ட அவையே.

அடுத்த முறை "சபாஷ் மீனா" பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்க. சிவாஜி பேசும் இடங்களில் சிவாஜியைப் பார்க்காமல், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவரை மட்டும் பாருங்க. கயிறு யார் கையில் இருக்குன்னு தெரியும்.