கோட்டுக்குள் ஒரு கேமரா

பசிபிக் தீவுப் பழங்குடிகளை ஆராய்ந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய டாம் ஹாரிசனுக்குத் திடீரென்று ஒரு யோசனை... நம்ம ஆட்களையும் அதே மாதிரி ஆராய்ந்தால் என்ன? இன்னும் இருவரோடு சேர்ந்து, 1937-ல் ‘மாஸ் அப்சர்வேஷன்’ இயக்கத்தைத் தொடங்கினார்.

களம், பஞ்சாலை நகரமான போல்ட்டன். அங்கே போனார் ஹம்ப்ரி ஸ்பெண்டர் - கோட்டுக்குள் லைக்கா கேமராவை ஒளித்துக்கொண்டு! மதுக்கடை, சவ ஊர்வலம், தெருவில் காயும் துணி... எல்லாமே ‘க்ளிக்’!

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தான் விறைத்துக்கொண்டு நிற்பார்களே! ஆனால், வசதியான வீட்டுப் பிள்ளையான ஸ்பெண்டருக்கு உள்ளூர உறுத்தல்... அடுத்தவர் வாழ்க்கையை ஒளிந்திருந்து பார்க்கலாமா?

நியாயமான கேள்விதான். அந்தப் படங்கள் இன்று போல்ட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. ராஜாக்களுக்கு ஓவியர்கள் இருந்தார்கள். ஆலைத் தொழிலாளி வீட்டுக் கொடிக்கயிற்றுக்கு? அந்தத் திருட்டு ‘க்ளிக்’தான் சாட்சி!