தீயில் மறைந்த வண்டியும் அதன் சிற்றுருவும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்ய விழைவோர், முதலில் அசல் வண்டியை நாடிச் சென்று அங்கம் அங்கமாக அளந்து குறித்துக்கொள்வது வழக்கம். ஆனால், பெட்ரோலால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிளைச் செய்யப் புகுவோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அளப்பதற்கு அசல் வண்டியே இன்று உலகில் இல்லை. ஜெர்மனியில் கான்ஸ்டாட் நகரத்து டெய்ம்லர் தொழிற்சாலையில் 1903-ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீ அதனைச் சாம்பலாக்கிவிட்டது.

அவ்வண்டி பிறந்ததும் கான்ஸ்டாட்டிலேயே. காட்லீப் டெய்ம்லரும் அவருடைய துணைவர் வில்ஹெல்ம் மேபாக்கும், டெய்ம்லர் இல்லத்துத் தோட்ட மனையைப் பட்டறையாக்கி மறைவாக வேலை செய்தனர். உள்ளே கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று ஐயுற்ற தோட்டக்காரர் போலீசாரிடம் சொல்ல, அவர்கள் சோதனையிட்டு, எஞ்சின்களைத் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பினர் என்பர். நிமிர்ந்து நின்ற அவ்வெஞ்சினின் தோற்றத்தைக் கண்டு அதற்குப் ‘பெட்டிக் கடிகாரம்’ என்றே பெயரிட்டனர். அதன் கொள்ளளவு 264 கன சென்டிமீட்டர். ஆற்றல் அரைக் குதிரைத் திறன். நிமிடத்திற்கு 600 சுற்று.

இந்த எஞ்சினைச் சோதிப்பதற்காகவே மரச்சட்டத்தில் இரு சக்கர வண்டி ஒன்று உருவாயிற்று. நீராவியால் இயங்கிய இரு சக்கர வண்டிகள் இதற்கு முன்னரே தோன்றியிருந்தன. ஆதலின் ‘பெட்ரோலால்’ என்ற சொல்லை நாம் விட்டுவிடலாகாது. 1885 ஆகஸ்டு 29-இல் காப்புரிமை பதிவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைம் வரை வண்டி ஓடியது. எரிபொருளைப் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்தமையால், ஓட்டத்தின்போது இருக்கையே தீப்பற்றிற்றாம்! மறு ஆண்டில் அவ்விருவரும் நான்கு சக்கர வண்டியில் எஞ்சினைப் பொருத்தி, இதனை ஒதுக்கிவிட்டனர்.

மாதிரி செய்வோரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. 1884-இல் வரைந்த திட்டப்படத்தில் கைப்பிடியை ஒரு பக்கம் திருகினால் வார் இறுகும். மறுபக்கம் திருகினால் தடை விழும். கைப்பிடியின் திருப்பம் பல்சக்கரங்களின் வழியே முன்சக்கரத்தை அடையும். ஆனால் உண்மையில் ஓடிய வண்டியிலோ எளிய கைப்பிடி ஒன்றே இருந்தது. மியூனிக் நகரத்து டாய்ட்ஸ் மியூசியத்தின் நகல் இந்த எளிய வடிவைப் பின்பற்றியது; அமெரிக்காவில் ஒஹையோ மாநில அருங்காட்சியகம் ஒன்றுக்கெனச் செய்த நகலோ வரைபட வழியிற் சென்றது. இரண்டும் முதல் வண்டியின் நகல்களே எனினும், ஒன்றுக்கொன்று ஒவ்வா. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நான், பணிமனை வரைபடத்தின் மூலையில் திருத்த எண்ணும் தேதியும் குறிப்பதன் அருமையை அறிவேன். வரைந்தது ஒன்று, செய்தது வேறொன்று என்பது பட்டறைகளில் நாள்தோறும் நிகழ்வது. என் எளிய கருத்தில், தெருவில் ஓடிய வடிவமே சரித்திரம்; மற்றது அதற்கு முந்திய எண்ணம்.

இம்மலரைப் படிக்கும் இளைஞர் எவரேனும் இம்முயற்சியில் இறங்கக்கூடும். அவர்களுக்காகச் சில கணக்குகள்: அசல் எஞ்சினின் உருளை விட்டம் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 100 மில்லிமீட்டர். எட்டில் ஒரு பங்காக்கினால் முறையே ஏழேகாலும் பன்னிரண்டரையும் ஆகும். நீளம் எட்டில் ஒன்றாகும்போது கொள்ளளவு 512-இல் ஒன்றாகிவிடும்; அதாவது அரைக் கன சென்டிமீட்டர். உருவத்தைச் சுருக்கலாம், குழாயைக் காய்ச்சும் சுடரை அவ்விதம் சுருக்குவது எளிதன்று. ஆகவே ஓடாத காட்சி மாதிரியே தக்கது. இரும்புப் பட்டை பூண்ட மரச்சக்கரங்களையும், வண்டி சாயாதிருக்க இருபுறமும் வில்லில் தாங்கிய சிறு சக்கரங்களையும் மறவாது சேர்த்தல் வேண்டும். பீடத்தின் பெயர்த்தகட்டில், ‘1884 வரைபடம்’ அல்லது ‘1885-இல் ஓடிய நிலை’ என்று இரண்டில் ஒன்றைத் தெளிவாகப் பொறித்துவிடுவது நன்று.