மும்பையில் போலீஸ், தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி? பதவி உயர்வு யாருக்கு, எப்போது?

தாராவியில் ஒரு குடோன் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைரன் போட்டுக்கொண்டு வரும் சிவப்பு வண்டியில் இருப்பவர்களுக்குச் சம்பளம் தருவது மும்பை மாநகராட்சி, அதாவது பிஎம்சி. அதே இடத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருக்கும் போலீஸ்காரருக்குச் சம்பளம் தருவது மகாராஷ்டிர மாநில அரசு. இரண்டுமே காக்கி, இரண்டுமே 'மும்பை' என்ற பெயர் தாங்கியவை. ஆனால் முதலாளி வேறு, விதிமுறை வேறு, மேலே ஏறும் படிக்கட்டும் வேறு.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பெரும்பாலும் ஒரே பொதுத் தேர்வில் எடுத்துவிடும். பத்தாம் வகுப்பு போதும். மும்பையில் அப்படி நினைத்துக்கொண்டு போய் நின்றால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

'போலீஸ் பர்த்தி': மைதானம் முதலில், பேப்பர் பிறகு

மும்பையில் இதற்குப் பேரே 'பர்த்தி' தான். அடிமட்டப் பதவி போலீஸ் ஷிபாய், நம்ம ஊர் கணக்கில் கான்ஸ்டபிள். 12ஆம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். பொதுப் பிரிவில் வயது 18 முதல் 28 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவில் 33 வரை. உயரம் ஆண்களுக்கு 165 செ.மீ., பெண்களுக்கு 155 செ.மீ.

முதலில் உடல் தகுதித் தேர்வு, 50 மதிப்பெண். ஆண்களுக்கு 1,600 மீட்டர் ஓட்டம் (20 மதிப்பெண்), 100 மீட்டர் ஓட்டம் (15), குண்டு எறிதல் (15). பெண்களுக்கு நீண்ட ஓட்டம் 800 மீட்டர். 1,600 மீட்டரை 5 நிமிடம் 10 விநாடிக்குள் முடித்தால்தான் முழு 20. இதில் பாதி மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். எடுத்தவர்களிலும் ஓர் இடத்துக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில்தான் எழுத்துத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். எழுத்துத் தேர்வு 100 மதிப்பெண், 90 நிமிடம்: கணக்கு, பொது அறிவு, அறிவுக்கூர்மை, மராத்தி இலக்கணம். கேள்வித்தாள் மராத்தியில் இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் அவுட்.

ஒரு காலத்தில் ஆண்கள் 5 கி.மீ. ஓட வேண்டியிருந்தது. 2014 ஜூனில், மும்பை வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த ஓட்டத்தின்போது விண்ணப்பதாரர்கள் சிலர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் தூரம் குறைந்தது. இன்று 1,600 மீட்டர்தானே என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

போட்டி எப்படி? 2024 சுற்றில் மாநிலம் முழுக்க 17,471 இடங்கள். வந்த விண்ணப்பங்கள் 17 லட்சத்துக்கும் மேல். சராசரியாக ஓர் இடத்துக்கு நூறு பேர். மும்பை நகரப் போலீஸ், ரயில்வே போலீஸ், பக்கத்து தானே என ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக இடங்களை அறிவிக்கும். ஒரு பதவிக்கு ஒரு பிரிவில்தான் விண்ணப்பிக்கலாம் என்பதால், எங்கே போடுவது என்பதே பாதி சூதாட்டம். இவ்வளவு நெருக்கடி இருக்கும் இடத்தில் குறுக்கு வழியும் முளைக்கும். 2023இல் மும்பையில் நடந்த எழுத்துத் தேர்வில் காதுக்குள் குட்டி ப்ளூடூத் கருவியோடு வந்தவர்கள் பிடிபட்டார்கள்.

நேரடி நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு 13%, பழங்குடியினருக்கு 7%, ஓபிசி பிரிவுக்கு 19% என்று மகாராஷ்டிரத்தின் ஒதுக்கீடு போகிறது. விமுக்த, நாடோடிச் சமூகங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2024 சட்டத்தால் மராத்தா சமூகத்துக்கு 10% சேர்ந்தது. இவை எல்லாவற்றுக்குள்ளும் பெண்களுக்கு 30%. திருநர்கள் விண்ணப்பிக்க இடமே இல்லாமல் இருந்தது. 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் அரசு அதற்கு விதி வகுக்க ஒப்புக்கொண்டது.

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க இன்னொரு வழியும் 2023இல் பார்த்தார்கள். மாநில பாதுகாப்புக் கழகத்திலிருந்து 3,000 பேரை 11 மாத ஒப்பந்தத்தில் மும்பை போலீஸுக்கு எடுக்க அரசு அனுமதித்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நியாயமான எதிர்ப்புதான் என்று தோன்றுகிறது. மைதானத்தில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அதைவிடப் பெரிய அடி வேறென்ன?

ஷிபாயாகச் சேர்ந்தவர் எஸ்ஐ ஆக முடியுமா?

முடியும். ஆனால் தலை நரைத்துவிடும். முன்பு படிக்கட்டு இப்படி இருந்தது: ஷிபாய், நாயக், ஹவல்தார், உதவி எஸ்ஐ, அதன் பிறகு பிஎஸ்ஐ எனப்படும் சப்-இன்ஸ்பெக்டர். பலர் ஹவல்தாராகவே ஓய்வு பெற்றுப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அரசு 'நாயக்' என்ற நடுப்படியையே எடுத்துவிட்டது. ஒரு படி குறைந்தால் ஓய்வுக்கு முன் தோளில் நட்சத்திரம் ஏற வாய்ப்பு கூடும் என்பது கணக்கு.

வேகமாக ஏற நினைப்பவர்களுக்கு உள்தேர்வு என்ற குறுக்குப் படி ஒன்று உண்டு. நெடுங்காலமாக இருந்த ஏற்பாட்டில், பிஎஸ்ஐ இடங்களில் பாதியை மகாராஷ்டிர தேர்வாணையம், அதாவது எம்பிஎஸ்சி, நேரடியாகப் பட்டதாரிகளைக் கொண்டு நிரப்பும். கால் பங்கு சீனியாரிட்டி அடிப்படையில். மீதிக் கால் பங்கு, பணியில் இருக்கும் காவலர்களுக்கு மட்டுமான போட்டித் தேர்வு வழியாக. இந்தக் கடைசிக் கால் பங்கு அரசுக்கு அரசு சர்ச்சையில் சிக்கும் விஷயம்.

அதில் உச்சம் 2018 அக்டோபர். உள்தேர்வில் தேறி, நாசிக் போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து, அணிவகுப்பும் முடித்திருந்தவர்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவுகளைச் சேர்ந்த 154 பேரைப் பழைய பதவிக்கே திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. பிஎஸ்ஐ சீருடையில் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள், மறுபடி கான்ஸ்டபிளாகப் போய் நிற்க வேண்டிய நிலை. ஏன்? பதவி உயர்வில் 33% ஒதுக்கீடு தந்த 2004 மே 25 தேதியிட்ட அரசாணையை பம்பாய் உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் ரத்து செய்திருந்தது. அதன் அதிர்வு, மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் வழியாக இவர்கள் தலையில் இறங்கியது. மாநிலமே கொதித்தது. அரசு பின்வாங்கி வேறு வழி தேட வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேரும்போது ஒதுக்கீடு என்பது ஒரு சட்டக் கேள்வி, பதவி உயர்வில் ஒதுக்கீடு என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு, உயர் பதவிகளில் அந்தச் சமூகங்களின் பிரதிநிதித்துவம் போதவில்லை என்று அரசு தரவோடு காட்ட வேண்டும் என 2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரம் இதே சிக்கலில் மறுபக்கமாக மாட்டியது. 2003இல் நடந்த தீயணைப்புப் பதவி உயர்வுத் தேர்வின் முடிவுப்படி கறுப்பினத்தவர் எவருக்கும் பதவி உயர்வு கிடைக்காது என்று தெரிந்ததும், நகரம் முடிவையே தூக்கிப் போட்டது. தேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது.

பிஎஸ்ஐக்கு மேலே உதவி இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர், ஏசிபி. ஏசிபி அளவில் எம்பிஎஸ்சி வழியாக நேரடியாக நுழைபவர்களும் உண்டு. டிசிபி முதல் கமிஷனர் வரை பெரும்பாலும் ஐபிஎஸ் ராஜ்ஜியம். அந்த வாசல் அகில இந்திய வாசல் என்பதால்தான் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. சிவானந்தன் 2009இல் மும்பை போலீஸ் கமிஷனராக முடிந்தது. ஐபிஎஸ் அதிகாரி பணியில் சேர்ந்த பிறகு மராத்தி கற்றுக்கொள்ளலாம். கான்ஸ்டபிள் கற்றுக்கொண்டுதான் உள்ளே வர முடியும்.

தீயணைப்பு: 172 செ.மீ. இருந்தால்தான் பேச்சு

மும்பை தீயணைப்புப் படை 1887 முதல் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தலைமையகம் பைகுல்லா. இங்கே அடிமட்டப் பதவி 'அக்னிஷாமக்'. கடைசியாகப் பெரிய அளவில் ஆள் எடுத்தது 910 இடங்களுக்கு, 2023 ஜனவரி, பிப்ரவரியில், தஹிசர் மைதானத்தில். 12ஆம் வகுப்பில் 50%, ஆண்களுக்கு உயரம் 172 செ.மீ., பெண்களுக்கு 162 செ.மீ. போலீஸைவிட 7 செ.மீ. அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஓட்டம் மட்டும் போதாது. 19 அடி உயரத்திலிருந்து கீழே விரித்துப் பிடித்த ஷீட்டில் குதிக்க வேண்டும், ஏணி ஏற வேண்டும், 50 கிலோ பொம்மை மனிதனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பயம் இருக்கிறதா என்று காகிதத்தில் சோதிக்க முடியாதே!

அந்தச் சுற்றின் கடைசி நாள், 2023 பிப்ரவரி 4, கசப்பில் முடிந்தது. மாநிலத்தின் மூலை முடுக்குகளிலிருந்து வந்து காத்திருந்த பெண்கள், தங்களை உள்ளே விடவில்லை, உயர அளவில் அநியாயம் செய்தார்கள் என்று போராடினார்கள். போலீஸ் தடியடி வரை போனது. இத்தனைக்கும் இந்தப் படையில் பெண்கள் முதன்முறையாகச் சேர்ந்ததே 2012இல்தான்.

தொடக்கச் சம்பளம் இரண்டு வேலைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: ஏழாவது ஊதியக் குழுவின்படி 21,700 ரூபாயிலிருந்து 69,100 வரையிலான அடுக்கு, படிகள் தனி. வித்தியாசம் மேலே ஏறும்போதுதான் தெரியும். அக்னிஷாமக்காகச் சேர்ந்தவர் முதன்மைத் தீயணைப்பாளர் ஆகி, துணை அதிகாரி, நிலைய அதிகாரி என்று போகலாம். நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புக் கல்லூரி போன்ற இடங்களில் படித்தவர்கள் நேரடியாக அதிகாரிப் படியில் நுழைவார்கள். ஆனால் உச்சியில் இருக்கும் தலைமைத் தீயணைப்பு அதிகாரி நாற்காலியில் வெளியிலிருந்து ஐபிஎஸ்காரர் வந்து உட்காருவதில்லை. புகையில் வேலை பார்த்தவர்தான் அங்கே வருகிறார். தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையின் தலைமையில் ஐபிஎஸ் அதிகாரி இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. 2015 மே 9, கால்பாதேவியில் கோகுல் நிவாஸ் கட்டடம் எரிந்தபோது உள்ளே போனவர்களில் தலைமை அதிகாரி சுனில் நேசரிகர் ஒருவர், துணைத் தலைமை அதிகாரி சுதிர் அமின் ஒருவர். மொத்தம் நான்கு அதிகாரிகளை அந்த ஒரு தீ கொண்டுபோனது. 1944 ஏப்ரல் 14 துறைமுக வெடிப்பில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நகரம் இது. நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி தினமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர்களுக்கு எங்கே இடிக்கிறது?

முதல் இடி மொழி. போலீஸ் எழுத்துத் தேர்வு மராத்தியில். பிஎம்சி பணிகளுக்குப் பொதுவாகப் பத்தாம் வகுப்பில் 100 மதிப்பெண் மராத்திப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். தெருவில் சரளமாகப் பேசுகிற மராத்தி வேறு, 'சமாஸ்' பிரித்து எழுதும் மராத்தி வேறு. 2020 சட்டத்தின்படி இப்போது எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம் என்பதால் அடுத்த தலைமுறைக்கு இது தளரும்.

இரண்டாவது இடி பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது: சாதிச் சான்றிதழ். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் மூன்று தலைமுறையாக வாழும் ஆதிதிராவிடர் குடும்பத்துப் பையன், தாத்தா ஊர்ச் சான்றிதழைக் காட்டி மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதி ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒரு மாநிலப் பட்டியல் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த வழக்கே மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பானதுதான். 2018இல் பீர் சிங் வழக்கில் அதையே மறுபடி உறுதிசெய்தார்கள். மகாராஷ்டிரத்தில் சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால், சாதி அந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். முன்னோர் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே வசித்ததற்கு ஆதாரமும் வேண்டும். குடிசைப் பகுதியில் 1950ஆம் ஆண்டுக் காகிதத்துக்கு எங்கே போவது? பழைய பள்ளிப் பதிவேடு, தோல் பட்டறை வேலைச் சீட்டு என்று தேடி அலைகிறவர்கள் உண்டு. கிடைத்தாலும், சாதிச் சான்று சரிபார்ப்புக் குழு அதை ஏற்க வேண்டும்.

விளைவு, அவர் பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டும். வயது வரம்பு 33 அல்ல, 28. ஐந்து வருடம் அப்படியே போச்சு. சரி, ஊருக்கே போய் தமிழ்நாட்டு போலீஸில் சேரலாம் என்றால், அங்கே தமிழ்த் தகுதித் தேர்வில் 40% எடுக்க வேண்டும். மராத்தி, ஆங்கில வழியில் படித்த பையனுக்கு அதுவும் மலைதான்.

மத்திய அரசு வேலைகளில் கணக்கு வேறு. பூர்வீக மாநிலத்தின் சான்றிதழ் அங்கே செல்லும். தந்தையின் சான்றிதழைக் காட்டி, இப்போது வசிக்கும் மாநிலத்திலேயே அதற்கான சான்று வாங்கவும் வழி இருக்கிறது. மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம், மராத்தியிலும் எழுதலாம். மும்பை விமான நிலையத்துக்குக் காவல் நிற்கும் சிஐஎஸ்எஃப் இந்தத் தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறது. அந்தப் படைக்குத் தனியாகத் தீயணைப்புப் பிரிவும் உண்டு, அதற்குத் தனி அறிவிப்பு வரும். 12ஆம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும்.