செலவும் ஓய்வும்: சுற்றுலாத் தொழிலின் பொருளியல் வரலாற்றில் ஒரு கூறு

‘செலவு’ என்னும் தமிழ்ச்சொல் பயணத்தையும் பொருட்செலவையும் ஒருங்கே குறிக்கும். சங்க அகப்பாடல்களில் தலைவன் செலவு மேற்கொள்வது பெரும்பாலும் பொருள் ஈட்டுதற்பொருட்டே ஆகும். சுற்றுலாவிலோ மக்கள் ஈட்டிய பொருளைச் செலவிட்டுப் பயணம் மேற்கொள்கின்றனர். உழைக்கும் மக்களிடையே இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை, அது முற்பட உருப்பெற்ற இங்கிலாந்து நாட்டின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

புகைவண்டியே சுற்றுலாவைத் தோற்றுவித்தது என்பது பலர் கருத்து. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பார் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தனி வண்டியில் அழைத்துச் சென்றதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். கட்டணம் ஒருவர்க்கு ஒரு ஷில்லிங். இருப்புப்பாதைக்கு இட்ட பெருமுதலின் சுமை, வண்டி நிறைந்து ஓடினும் வெறுமையாக ஓடினும் மாறாதது. ஆதலின் குறைந்த கட்டணத்திலேனும் இருக்கைகளை நிரப்புதல் நிறுவனத்தார்க்கு ஆதாயமாயிற்று. இஃது உண்மையே. எனினும் இக்காரணம் ஒன்றே போதாது என்று கருதுகின்றோம்.

உழைப்பாளரின் பயணச் செலவு மூன்று கூறுகளை உடையது: வண்டிக் கட்டணம், தங்குமிடச் செலவு, வேலைக்குச் செல்லாத நாள்களில் இழக்கும் கூலி. முதலிரண்டும் வெளிப்படையானவை, மூன்றாவது மறைந்து நிற்பது. புகைவண்டி முதற்கூற்றைக் குறைத்தது. மூன்றாவதனைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. 1841-ஆம் ஆண்டுப் பயணம் ஒரே நாளில் முடிந்தமையால் இக்கூறு அங்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

லங்காஷயர் பருத்தியாலை நகரங்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஊர்த் தேவாலயத் திருவிழாவினின்றும் தோன்றிய ‘வேக்ஸ்’ விடுமுறையின்போது ஒரு நகரத்து ஆலைகள் ஒருங்கே மூடப்பட்டன. அந்நாள்களுக்குக் கூலி இல்லை. ஆதலின் தொழிலாளர் வாரந்தோறும் சிறுதொகையைச் சேமிப்புச் சங்கங்களில் இட்டுவைத்து, அதனைக்கொண்டே 1846-இல் இருப்புப்பாதை பெற்ற பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்றனர். நகரங்கள் வெவ்வேறு வாரங்களில் விடுமுறை கொண்டமையால் பிளாக்பூல் விடுதிகள் கோடை முழுவதும் வருவாய் பெற்றன. இழந்த கூலியின் சுமையைத் தொழிலாளர் தாமே சுமந்தனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

1871-ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்தில் நான்கு நாள்களை விடுமுறையாக்கிற்று. ஆயினும் அந்நாள்களுக்குரிய கூலியை உறுதிசெய்யவில்லை. 1936-இல் பிரான்சு நாடு ஊதியத்துடன் கூடிய இரு வார விடுப்பைச் சட்டமாக்கியது. 1938-ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், குறைந்த அளவுக் கூலியை வரையறுக்கும் குழுக்கள் ஒரு வாரம் வரை ஊதிய விடுப்பு வழங்க வழிசெய்தது. 1936-இல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் திறந்த பில்லி பட்லின், ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என விளம்பரம் செய்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இத்தகைய முகாம்கள் பெருகியமைக்குச் சட்டம் தந்த ஊதிய விடுப்பு ஒரு தலையாய காரணம் ஆகும்.

குக்கின் பெயர் தாங்கிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று கடன்சுமையால் வீழ்ந்தது. ஆனால் விடுமுறைக்குச் செல்லும் வழக்கம் அதனோடு வீழவில்லை. வழக்கத்தின் வேர் நிறுவனத்தில் அன்றி, உழைப்பாளர் பெற்ற ஊதிய விடுப்பில் உள்ளது என்பதற்கு இதுவும் துணைச்சான்று ஆகும்.

ஆகவே, பயணநூல்களையும் நிறுவனங்களின் வரலாறுகளையும் மட்டும் கொண்டு சுற்றுலாவின் வரலாற்றை எழுதுதல் நிறைவுடையது ஆகாது. ஆலைகளின் கூலிப் பதிவேடுகளும் சேமிப்புச் சங்கங்களின் கணக்கேடுகளும் ஆராயப்படல் வேண்டும். சென்றவர் யார் என்பதோடு, செல்ல இயலாது நின்றவர் யார் என்பதையும் அவையே நமக்கு உணர்த்தும்.