தாய் சும்மா இருக்கவில்லை

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையிடமிருந்து வருபவை. அந்த வகையில் தாயின் உடலுக்கு அது பாதி அந்நியம். பிறர் தோலை ஒட்டினால் சில வாரங்களில் உதறிவிடும் உடல், கருவை ஒன்பது மாதம் எப்படித் தாங்குகிறது? 1953-இல் இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டுவதை ஆராய்ந்தவர் அவர். கருவையும் ஓர் ஒட்டுத்தோலாகவே பார்த்தார்.

அவர் மூன்று விடைகளை முன்வைத்தார். தாயையும் கருவையும் ஏதோ ஒரு தடை பிரித்து வைத்திருக்கலாம்; கரு இன்னும் தன் அந்நிய அடையாளங்களைக் காட்டும் அளவுக்கு முதிராதிருக்கலாம்; அல்லது தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் மந்தமாகிச் செயலற்றுக் கிடக்கலாம். இந்த மூன்றாவது விடையில்தான் நான் நின்றுவிடுகிறேன். பெண் சும்மா இருப்பதால்தான் பிள்ளை பிழைக்கிறது என்பது நமக்கும் பழகிய கதைதானே.

1958-இல் அந்தக் கதை உடைந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன் என்ற பெண் விஞ்ஞானி, இரத்தம் ஏற்றிய பின் சிலருக்குக் காய்ச்சல் வருவது ஏன் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருபோதும் இரத்தம் ஏற்றிக்கொள்ளாத, ஆனால் பலமுறை கருவுற்ற பெண்களின் இரத்தத்தில், பிறருடைய வெள்ளை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அதே ஆண்டில் நெதர்லாந்தில் யோன் வான் ரூடும் இதையே கண்டார். தாயின் உடல் கருவை அடையாளம் கண்டிருக்கிறது, பதிலும் சொல்லியிருக்கிறது. அப்படியும் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். உறுப்பு மாற்று சிகிச்சையில் யாருக்கு யார் உறுப்பு பொருந்தும் என்று சோதிக்க, பல ஆண்டுகள் இத்தகைய தாய்மார்களின் இரத்தநீரே பயன்பட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உள்படலத்திலுள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் ‘இயற்கைக் கொல்லி’ வகையைச் சேர்ந்தவை. பெயர்தான் கொல்லி. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் விரிந்துகொடுக்க இவை உதவுகின்றன. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு கண்டது இது: தாயின் இந்த அணுக்களை அதிகம் அடக்கிவைக்கும் மரபணுச் சேர்க்கை அமைந்த கர்ப்பங்களில், பேறுகால இரத்த அழுத்த நோயான ப்ரீ-எக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுகிறது. தாயின் அணுக்கள் ஒடுங்கிப்போவதும் ஆபத்தே.

பாடநூல்கள் இன்றும் இதைச் ‘சகிப்புத்தன்மை’ என்றே அழைக்கின்றன. அறிவியலில் அது ஒரு கலைச்சொல்தான் என்பார்கள். ஆனால் பொறுத்துப்போவதையே பெண்ணின் குணமாகச் சொல்லி வளர்க்கும் மொழியில் அந்தச் சொல் வெறும் கலைச்சொல்லாக நின்றுவிடுவதில்லை. கருவை அடையாளம் கண்டு, இரத்த ஓட்டத்துக்கு வழியமைத்துத் தருகிற உடலைப் பொறுத்துக்கொள்ளும் உடல் என்று சொன்னால், அது செய்த வேலை கணக்கில் வராமலே போய்விடுகிறது.