'பிள்ளைங்க சத்தம் தாங்கல!' - பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் நாஞ்சில் நாட்டுத் தெருக்களில் முதலில் கேட்பது, பந்து மதிலில் மோதுற சத்தம். அடுத்து, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "பிள்ளைகள அடக்கி வளக்கத் தெரியாதா?"

முதல் வாரம் இது முணுமுணுப்புதான். அடுத்த வாரம் உள்ளே விழுந்த பந்து திரும்பி வராது. அதுக்கடுத்து தெருவில் நின்று சத்தம், பிறகு போலீஸ் ஸ்டேஷன். சொந்த வீட்டு முற்றத்தில் விளையாடுற ஏழு வயசுப் பிள்ளைக்காக இரண்டு குடும்பங்கள் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பது குமரி மாவட்டத்தில் ஒண்ணும் புதுசு இல்லை.

இதுக்கு இடமும் ஒரு காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வசிக்கிறார்கள். தமிழ்நாட்டின் சராசரி 555. சரியாக இரண்டு மடங்கு! இங்கே எத்தனை ஊர்ப் பெயர்கள் 'விளை' என்று முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தென்னையும் பலாவும் நின்ற விளைக்கு நடுவில் ஒரே ஒரு வீடு இருந்தது. பாகம் பிரித்துப் பிரித்து, இன்று அதே விளையில் அஞ்சு சென்ட், மூணு சென்ட் என வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இந்த வீட்டு முற்றமும் அந்த வீட்டு பெட்ரூம் ஜன்னலும் பத்தடி தூரத்தில். பிள்ளைங்க மட்டும் அப்போ போட்ட அதே சத்தத்தைத்தான் இப்பவும் போடுறாங்க.

அவருக்கு உண்மையில் என்ன பிரச்னை?

கோபப்படுவதற்கு முன்னாடி ஒரு நாள் எடுத்து இதை யோசிக்கலாம். குமரியில் பகலில் தூங்குகிறவர்கள் நிறைய. ரப்பர் பால் வெட்டப் போறவர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போய், வேலை முடிந்து மத்தியானம்தான் கண் அசருவார். கடலுக்குப் போனவர் காலையில் கரைக்கு வந்து மீனை விற்றுவிட்டுப் பகலில்தான் படுப்பார். நைட் டியூட்டி முடித்து வந்த நர்ஸ், படுக்கையில் கிடக்கும் ஆச்சி, பிறந்து ஒரு மாசமான குழந்தை, மார்ச் மாசத்தில் பிளஸ் டூ எழுதுற பிள்ளை... இவர்களில் யாராவது அந்த வீட்டில் இருந்தால் அந்தப் புகார் நியாயமானது. வாய் கடுமையாக இருக்கலாம், விஷயம் சரிதான். இப்படிப்பட்ட புகாரை நேரத்தை மாற்றியே தீர்த்துவிடலாம்.

இன்னொரு வகை உண்டு. அங்கே சத்தம் வெறும் சாக்கு. நிஜமான சண்டை வேறெங்கோ இருக்கும்: ரெண்டடி வழிப்பாதை, மதில் கட்டினப்போ அரையடி தள்ளிப் போட்டது, தென்னை மட்டை ஓட்டில் விழுந்தது, பத்து வருஷம் முன்னாடி கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது? மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க அதே இடத்தில் கத்தும்போது அவர் பேசாமல் இருக்கிறாரா, உங்க பிள்ளை விளையாடினால் மட்டும் வெளியே வருகிறாரா என்று ஒரு வாரம் கவனியுங்கள். விடை கிடைச்சிடும். எல்லைத் தகராறுதான் வேர் என்றால், பந்து பற்றி எத்தனை முறை பேசினாலும் பிரயோஜனம் இல்லை. மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அளந்து கல் போடுவதுதான் பிள்ளைக்கும் நல்லது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, பலரும் வாய்விட்டுச் சொல்லாதது. 'அந்தப் பிள்ளைங்க நம்ம தெருவில் எதுக்கு?' என்ற சாதிக் கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்படிப் பேசுவது?

சண்டை நடந்த அன்றைக்குப் போகவே கூடாது. ரெண்டு நாள் ஆறட்டும். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இதை எழுதாதீங்க. அங்கே போட்டால் தெருவே ரெண்டாகப் பிரியும், அவருக்கும் இறங்கி வர வழி இல்லாமல் போகும். நேரில் போங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க. தப்பு செய்தவன் மாதிரி ஒரு குழந்தையை அடுத்த வீட்டு வாசலில் நிறுத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை.

பேச்சு இப்படி ஆரம்பிக்கலாம்: "அண்ணாச்சி, பிள்ளைங்க சத்தம் உங்களுக்கு எந்த நேரத்துல ரொம்பத் தொந்தரவா இருக்கு? சொன்னா நான் பாத்துக்கிடுதேன்." பெரும்பாலும் நேரடி பதில் வரும். "மத்தியானம் ஒரு ரெண்டு மணிக்கூறு தூங்கணும், அவ்ளோதான்." சரி என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் உங்க பக்கத்தையும் வைக்கணும்: "நாலு மணிக்கு மேல ஆறரை வரைக்கும் விளையாடுவாங்க அண்ணாச்சி, அதுல எதாவதுன்னா எங்கிட்டயே சொல்லுங்க. பிள்ளைகள்ட்ட சத்தம் போட வேண்டாம்." இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த தடவை சத்தமே வராத விளையாட்டுதான் வேணும் என்பார்கள். அப்படி ஒரு வாக்கைக் கொடுக்காதீங்க. எந்தக் குழந்தையாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வார்த்தையோடு விடாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று செய்தால் எதிராளி கொஞ்சம் இளகுவார். கிரிக்கெட் பந்துக்குப் பதில் ரப்பர் பந்து அல்லது டென்னிஸ் பந்து. ஸ்டம்ப் அவர் ஜன்னலைப் பார்த்து இருந்தால் திசையை மாற்றுவது. மதில் மேல் ரெண்டு கம்பை நட்டு வலை கட்டுவது. நம்ம ஊரில் பழைய மீன்வலைக்கா பஞ்சம்? கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே காசு கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம்.

நீங்கள் பேசிப் பயன் இல்லை என்றால், அவர் மதிக்கிற ஒரு ஆளைப் பிடியுங்கள். அவருக்குப் பாடம் எடுத்த சார், ஊர்த் தலைவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சபை போதகர், பங்குத்தந்தை, ஜமாத் பெரியவர், வார்டு கவுன்சிலர்... யாராக இருந்தாலும் சரி. உங்க பக்கம் பேசுகிறவரைவிட, அவர் பக்கத்து ஆளே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

"போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று பிள்ளையிடம் சொல்வது பக்கத்து வீட்டு மிரட்டல்களில் ரொம்பப் பிரபலமானது. அதில் அர்த்தமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 20-வது பிரிவின்படி, 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமே அல்ல. 7 முதல் 12 வயது வரை, விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத குழந்தைக்கும் 21-வது பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது. 18 வயதுக்கு உட்பட்ட யாரையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இதை உங்கள் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்லி வையுங்கள். பயந்துபோய் ராத்திரி தூங்காத குழந்தைகள் இருக்கிறார்கள்.

சத்தம் பற்றிய சட்டம் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்கு காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதற்குப் பிறகு 45 டெசிபல். 'நாம சாதாரணமா பேசினாலே 55 தாண்டுமே' என்று கேட்கலாம். இது ஒரு நொடி அலறலின் அளவு அல்ல, குறிப்பிட்ட நேரத்துக்கு எடுக்கும் சராசரி. அந்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் இந்த விதியில் புகார் கொடுக்க முடியும். ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் என்று பெயர் சொல்லிப் பேசுகிற விதிகள் இவை. குழந்தைகள் விளையாட்டைப் பற்றி அவற்றில் தனியாக எதுவும் இல்லை. விலக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் முற்றத்தில் ஷட்டில் ஆடுவதற்கு 'குழந்தைகள் உரிமை' என்று வாதாடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் தொல்லை என்று நிரூபிக்க, சாதாரண மனிதர் ஒருவரால் பொறுக்க முடியாத அளவுக்குத் தொடர்ந்து நடக்கிறது என்று காட்ட வேண்டும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் ஓடி விளையாடுவது அந்த அளவைத் தொடாது.

விளையாட்டு உரிமைதான். ஐ.நா-வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தைகள் காப்பகங்கள்மீது அக்கம்பக்கத்தினர் வரிசையாக வழக்குப் போட, 2011-ல் சட்டத்தையே திருத்தினார்கள். காப்பகத்திலிருந்தும் விளையாட்டுத் திடலிலிருந்தும் வரும் குழந்தைகளின் சத்தம் பொதுவாக 'தீங்கான ஒலி' ஆகாது, மற்ற சத்தங்களுக்கான டெசிபல் வரம்பை அதற்குப் பொருத்தக் கூடாது என்று எழுதினார்கள். ஜப்பானில் நாகானோ நகரில் நேர்மாறாக நடந்தது. பக்கத்து வீட்டுப் புகாரைத் தொடர்ந்து ஒரு சிறுவர் பூங்காவையே 2023-ல் மூடிவிட்டார்கள். நாடு முழுக்க அது விவாதமானது.

எல்லை மீறினால்...

திட்டுவது வேறு, கை நீட்டுவது வேறு. உங்கள் பிள்ளையை அடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவு. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டினால் 351. பந்தையோ சைக்கிளையோ வேண்டுமென்றே வெட்டி, உடைத்துப் போட்டால் 324. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சிறு காயத்துக்கான 115(2) பிரிவில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை நடத்த முடியாது. எனவே, புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி எழுதி வாங்குவார்கள், பல தெருக்களில் அதுவே போதும். சண்டை முற்றினால் நிர்வாக நடுவர் முன் அமைதி காக்கும் பத்திரம் வரை போகும். அதில் உங்க பெயரும் சேர்ந்தே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது தலித், பழங்குடிக் குழந்தையையோ குடும்பத்தையோ என்றால், அது பக்கத்து வீட்டுச் சண்டை அல்ல. பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்திருந்தால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். டி.எஸ்.பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் அதை விசாரிக்க வேண்டும். 'பேசித் தீத்துக்கிடலாம்' என்று யாராவது அமுக்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன மீன்வலை யோசனையெல்லாம் இதுக்குப் பொருந்தாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாடு தனி. பக்கத்து வீட்டுக்காரர் நேராக ஓனரிடம் சொல்வார், ஓனர் "வீட்டைப் பாத்துக்கிடுங்க" என்பார். காலி பண்ண வைக்கத் தண்ணியையும் கரண்ட்டையும் நிறுத்துவதை, 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடுக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கையில் இருந்தால் பேச்சு கொஞ்சம் எளிது.

கோர்ட், ஸ்டேஷன் இரண்டும் வேண்டாம், ஆனால் யாராவது நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். வழக்குப் போடும் முன்பே இரண்டு பக்கத்தையும் அழைத்துப் பேசுவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமரசமாக எழுதினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் 'பிள்ளைங்க இனி வெளியே விளையாடக் கூடாது' மாதிரி ஒரு வரி அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஆதாரம் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். அவர் கத்துவதை போனில் பதிவு செய்தால் போலீஸுக்கு மட்டும் காட்டுங்கள். ரீல்ஸ் ஆக்கிப் போட்டால் அதில் உங்கள் பிள்ளையின் முகமும் வீட்டு வாசலும் ஊர் முழுக்கப் போகும்.

பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பந்து அந்த வீட்டுக்குள் விழுந்தால் மதில் ஏறிக் குதிக்கக் கூடாது. பந்து உங்களுடையதுதான், அந்த முற்றம் அவருடையது. பெரியவர் ஒருவர் கூட வந்து, கேட் வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டும். அந்த வீட்டில் யாராவது தனியாக உள்ளே கூப்பிட்டாலோ, அடித்தாலோ, பயமுறுத்தினாலோ அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098, சட்ட உதவிக்கு 15100. இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், பிள்ளை கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில்.