மனநல பாதிப்பு உள்ளவரைக் கட்டி வைக்கலாமா? நம் சட்டம் ஐ.நா. தரத்துக்கு ஈடாக இருக்கிறதா?

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். பலரால் தப்பி ஓட முடியவில்லை. காரணம், அவர்களைப் பிணைத்திருந்த சங்கிலி.

அதன் பிறகு சட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது? பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை மாதிரி ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அது என்ன உரிமை தருகிறது?

சட்டம் ஏன் மாறியது?

ஏர்வாடி விபத்தின்போது இருந்தது 1987-ம் ஆண்டு சட்டம். காப்பக உரிமம், சேர்க்கை நடைமுறை, சொத்து நிர்வாகம் பற்றித்தான் அது அதிகம் பேசியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை இந்தியா 2007-ல் ஏற்றது. அதற்கு ஏற்ப வந்ததுதான் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. இது 2018-ல் நடைமுறைக்கு வந்தது.

எதில் பாஸ்?

* எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது (பிரிவு 95).
* மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது.
* 'எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம்.
* தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும்; தண்டிக்கக் கூடாது (பிரிவு 115).

எங்கே இடிக்கிறது?

ஐ.நா. ஒப்பந்தத்தின் 12-வது பிரிவுப்படி, பாதிப்பு இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை அவருக்கே. உதவி செய்யலாம், அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக் கூடாது என்பது ஐ.நா. குழுவின் விளக்கம்.

நம் சட்டமோ, குறிப்பிட்ட சூழலில் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம், இரண்டு நிபுணர்களின் பரிசோதனை இருந்தால், அவர் சம்மதம் இல்லாமலேயே 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க அனுமதிக்கிறது (பிரிவு 89). இதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். ஆனாலும் ஐ.நா. குழுவின் அளவுகோலில் இது குறைதான். ஆபத்தான கட்டத்தில் குடும்பம் வேறென்ன செய்யும் என்று கேட்கும் மருத்துவர்களும் உண்டு. உலகம் முழுக்க இந்த விவாதம் ஓடுகிறது.

இன்னொரு சிக்கல், மற்ற சட்டங்கள். நீதிமன்றம் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று அறிவித்தால், அவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது.

வெம்பக்கோட்டையில் இருப்பவருக்கு என்ன பயன்?

மனநலச் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை (பிரிவு 18). பட்டாசு ஆலை விபத்தில் உறவை இழந்து தூக்கமில்லாமல் தவிப்பவரும் இதைக் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் சிகிச்சை இலவசம். குறைந்தபட்ச அரசு வசதி மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் பெறும் சிகிச்சைக்கு அரசுதான் செலவு செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டில் யாரையாவது கட்டி வைத்திருக்கிறார்களா? போலீஸில் சொல்லுங்க. கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை (பிரிவு 101).

மனசு சரியில்லை, யாரிடமாவது பேசணும் என்றால் 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம்.